தருமன் வாசித்த நம்பர்

ஆரணியில் புதிதாக ஒரு செல்போன் வாங்கினால் முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். மறுநாள் தருமனிடம் கொண்டுபோய் நம்பரை எழுதி வைப்பார்கள். இரண்டாயிரத்து நாலு, ஐந்தில் தொடங்கிய பழக்கம் இது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவனுக்குச் சர்வீஸ் கடை இருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் தெருவில் நின்றுதான் பேச வேண்டும். இருந்த இடத்திலும் பாதியை அவனுடைய நீள நோட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன.

போனை வாங்கிக் கவிழ்ப்பான். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளை வெளிச்சத்துக்குக் காட்டிப் படிப்பான். பதினைந்து இலக்கம். பிறகு பேட்டரியைப் போட்டு, நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தி, திரையில் வருவதும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று இன்னொரு தடவை பார்ப்பான். அதற்கப்புறம்தான் நோட்டில் ஏறும். டிவி என்றால் முதுகில் இருக்கும், ஃபிரிட்ஜ் என்றால் கதவைத் திறந்ததும் உள்சுவரில் இருக்கும், மிக்ஸி என்றால் அடிவயிற்றில் இருக்கும். அவன் தேடிக் கிடைக்காத நம்பர் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் நோட்டில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ரகத்தின் நம்பர், இரண்டாவதில் அந்த ஒரு பொருளுக்கே உரிய நம்பர். பக்கத்தில் வாங்கியவர் பெயர், அப்பா பெயர், ஊர். காலணா வாங்க மாட்டான்.

"இன்னாபா தருமா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இவ்ளோ கேக்கற?" என்று கிண்டல் செய்வார்கள். நம்பர் தருமன் என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. சேவூர்க்காரர் ஒருவருக்குத் திருட்டுப்போன போன் அந்த நோட்டின் தயவில் திரும்பக் கிடைத்ததும் மரியாதையும் கூடியது. எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். பொறுப்பாவது ஒன்றாவது! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்தக் குறுகுறுப்புக்குத்தான் அவன் நோட்டுப் போட்டு வைத்திருந்தான். ஊருக்கு அது தெரியாது.

தொண்ணூற்று ஐந்தில் அவனுக்கு இருபத்தெட்டு வயது. சுப்பராயலு என்பவரின் டிவி வாடகைக் கடையில் மெக்கானிக். அப்போதெல்லாம் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் பந்தலோடு டிவியும் டெக்கும் வந்து இறங்க வேண்டும். டெக்கு என்றால் வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கும் பெட்டி. கடையில் நாலு டெக்கு இருந்தது. மூன்று ஒரே ரகம், கறுப்பு. நாலாவது வெள்ளி நிறம். படம் தண்ணீர் மாதிரி தெளிவாக ஓடும். வசதியானவர்கள் வெள்ளி டெக்குதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள்.

ஆயுத பூஜைக்குக் கடையில் இருக்கும் அத்தனை சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது தருமன் வேலை. டெக்கின் முன்பக்கம் முழுக்கப் பட்டன். சந்தனம் இறங்கினால் சிக்கிக்கொள்ளும். மேல்பக்கம் காற்றுப் போகிற துளைகள். பொட்டு வைக்கத் தோதாகச் சமமாக இருந்தது பின்பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடம்தான். கம்பெனிக்காரனும் அது சமமாக இருக்கிறதே என்றுதான் நம்பர்த் தாளை அங்கே ஒட்டியிருந்தான். நாலு ஆயுத பூஜைக்கு அதன் மேல் சந்தனத்தை அப்பியவன் தருமன். மறுநாள் ஈரத் துணியால் துடைத்தவனும் அவனே. நாலாவது வருஷம் தாள் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

வாடகை நோட்டில் நம்பர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விடக்கூடாதே என்று, தகட்டில் பெரிதாகப் பொறித்திருந்த கே 410 என்பதை எழுதிக்கொண்டு வந்தான். அது அந்த ரகத்துக்கே பொதுவான நம்பர் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மெட்ராஸுக்கு உதிரிப்பாகம் வாங்கப் போனால் அதைச் சொல்லித்தான் கேட்பான். கடையில் அந்த ரகத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, குழப்பம் எங்கேயிருந்து வரப்போகிறது என்று விட்டுவிட்டான்.

அந்த வருஷம் தை மாதம் பெரணமல்லூரில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வெள்ளி டெக்கு காணாமல் போயிற்று. டீக்கடை பெஞ்சில் சாக்கோடு வைத்துவிட்டு, டிவியை பஸ் மேலே ஏற்றிக் கயிறு கட்டப் போனான். இறங்கி வந்து பார்த்தால் பெஞ்சு இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இருந்தார்கள், சாக்கைக் காணோம்.

"டெக்கோட வா. இல்லன்னா வராத," என்றார் சுப்பராயலு. அவ்வளவுதான் சொன்னார். ஆனாலும் விரட்டவில்லை. தினமும் அவன் கடைக்கு வரும்போது அவன் கையைப் பார்ப்பார். வெறுங்கையாக வருகிறவனைப் பார்க்கிற அந்தப் பார்வை வசவைவிட மோசமாக இருந்தது. தருமன்தான் எங்கேயோ விற்றுவிட்டான் என்றும் கடைத்தெருவில் இரண்டு பேர் காதைக் கடித்தார்கள்.

மாசி பிறந்தபோது சேதி வந்தது. நெசவாளர் தெருவில் தசரதன் வீட்டில் அதே வெள்ளி டெக்கு இருக்கிறதாம்.

தசரதன் பட்டு நெசவாளி. தறியில் ஏற்றும் பட்டு நூலான பாவைச் சம்பந்தம் என்ற முதலாளியிடம் வாங்கி நெய்கிறவன். கல்யாணப் புடவை என்றால் முதலாளி அவனைத்தான் கூப்பிடுவார். போன ஆவணியில் அவன் மகள் பவித்ராவுக்குக் காது குத்தியபோது வெள்ளி டெக்கைத்தான் வாடகைக்கு எடுத்தான். எல்லோரும் படம் பார்த்தபோது அவன் மட்டும் டெக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே கேசட் சுற்றுகிற ஓசையைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தறி ஓசை ஓர் இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது அது. "சத்தமே இல்லாம ஓடுதுபா," என்று தருமனிடம் சொன்னான். தகட்டில் இருந்த கே 410 என்பதையும் அன்றைக்கே குறித்துக்கொண்டான். ஆறு மாதம் சீட்டுக் கட்டி, மெட்ராஸ் பஜாரில் அதே நம்பரைச் சொல்லித் தேடி வாங்கி வந்துவிட்டான். பஜார் சரக்கு, பில் கிடையாது.

சுப்பராயலு போலீசுக்குப் போகவில்லை. கடை டெக்கும் பில் இல்லாமல் வந்ததுதான். போனால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஆகவே நெசவாளர் சங்கத்தில் சொன்னார். நெசவாளிகள் அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார்கள். சங்கத்துப் பஞ்சாயத்தெல்லாம் அன்றைக்குத்தான். மாசி அமாவாசை காலையில் மண்டபத்து நடுவில் தசரதனின் டெக்கை ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். தெருவே கூடிவிட்டது. முன்வரிசையில் சம்பந்தம் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

சங்கத்துச் செயலாளர் வாடகை நோட்டைப் பிரித்து, "கே நானூத்திப் பத்து," என்று படித்தார். டெக்கைத் திருப்பினார்கள். தகட்டில் கே 410. கூட்டத்தில் 'ச்சூ' என்று ஒரு சத்தம்.

தசரதன் பதறவில்லை. கொஞ்ச நேரம் டெக்கின் பின்பக்கத்தையே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, ஒரு நிமிஷம். நம்ம புடவைல சீட்டு கட்றோம் இல்லீங்களா? அதுல டிசைன் நம்பர் ஒண்ணு இருக்கும், புடவை நம்பர் ஒண்ணு இருக்கும். டிசைன் நம்பர் நூறு புடவைக்கும் ஒண்ணுதான். புடவை நம்பர் ஒவ்வொண்ணுக்கும் வேற. இங்க பாருங்க, கீழ தாள்ல பொடியா இன்னொரு நம்பர் கீது. எனக்கு இன்னாவோ மேல இருக்கறது டிசைன் நம்பர்னு தோணுது. இந்தப் பொடி நம்பர் அவங்க நோட்டுல கீதான்னு பாருங்க."

சொன்னது நெசவாளி, கேட்டது நெசவாளிகள். புரியாதவர் யாரும் அங்கே இல்லை. செயலாளர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதுல ஒரே நம்பர்தான் கீது. தருமா, நீதானபா மெக்கானிக்? நீ சொல்லு. எது நம்பரு?" என்றார்.

தருமன் எழுந்தான். கடை டெக்கில் தாளே கிடையாது, மஞ்சள் கறை மட்டும்தான் என்று அவனுக்குத் தெரியும். சுப்பராயலு அவனைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் டெக்கு தசரதனுடையது, தொலைத்தவன் தருமன், வேலையும் போய், விற்றுத் தின்றவன் என்ற பெயரும் நிலைக்கும். ஒரு டெக்குதானே, நெய்கிறவனுக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ள முடியாதா என்று அந்த ஒரு நொடியில் மனசு நியாயம் பேசியது. மனசு எதற்குத்தான் நியாயம் பேசாது?

"மேல இருக்கறதுதாங்க நம்பரு. கீழ இருக்கறது கம்பெனிக்காரன் அவன் வசதிக்கு ஒட்டிக்கறது," என்றான்.

"தருமா, நல்லா பாத்து சொல்லுபா," என்றான் தசரதன். கெஞ்சவில்லை. பிசகிய இழையைக் காட்டுகிற குரலில்தான் சொன்னான்.

"பாத்துதான் சொல்றேன்."

தசரதன் வீட்டில் இருந்தது கடை டெக்குதான் என்று நம்பர் பார்த்து உறுதியானதாகச் செயலாளர் சங்க நோட்டில் எழுதினார். டெக்கைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், தசரதன் சட்டைப்பையில் இருந்த புடவைச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் பொடி நம்பரைக் குறித்துக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை.

நஷ்டம் டெக்கோடு போயிருந்தால் தருமன் போட்ட மனக்கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். மறுநாள் காலையில் சம்பந்தம் முதலாளியின் ஆட்கள் தசரதன் வீட்டுக்குப் போனார்கள். பாவும் ஜரிகையும் முதலாளியுடையது. பட்டை நம்பிக் கொடுத்து, புடவையாக வாங்குகிற தொழில் இது. எடையில் கொஞ்சம் குறைந்தால் ஈரப்பதம் என்று சொல்லலாம், ஜரிகை குறைந்தால் அறுந்தது என்று சொல்லலாம். அதையெல்லாம் நம்புவது ஆளைப் பொறுத்தது. திருடன் என்று பெயரெடுத்தவன் வீட்டில் பாவு இருக்கக்கூடாது. பாதி நெய்திருந்த மாம்பழக் கலர் கல்யாணப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளையைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தசரதனின் மனைவி குணசுந்தரி வாசல்படியில் நின்று மண்ணை வாரித் தூற்றினாளாம். யார் மேல் என்று அவள் பெயர் சொல்லவில்லை.

ஆரணியில் வேறு எந்த முதலாளியும் அவனுக்குப் பாவு கொடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சித்திரைக்குள் தறியை விற்றுவிட்டு, குணசுந்தரியின் தாய்வீட்டுப் பக்கம் பெரணமல்லூருக்குப் போய்விட்டார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் எங்கே இருந்தது என்பதற்குப் பஞ்சாயத்து நடந்த அன்று மத்தியானமே தருமனுக்கு இன்னொரு சாட்சியும் கிடைத்தது. கடையில் அந்த டெக்கைத் திறக்கத் திருகுகளைப் பார்த்தான். ஒவ்வொரு திருகின் தலையிலும் கம்பெனி வைத்த சிவப்புப் பெயிண்ட் சொட்டு உடையாமல் இருந்தது. கடை டெக்கை அவன் ஆறேழு தடவை திறந்திருக்கிறான். உள்ளே அவன் வைத்து ஒட்டிய மஞ்சள் ஒயர் ஒன்று உண்டு. இதை யாருமே திறந்ததில்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான். "ஹெட்டு போயிடுச்சு மொதலாளி, வாடகைக்கு ஆவாது," என்று சுப்பராயலுவிடம் சொல்லி, துணி சுற்றி மேல் பலகையில் வைத்தான். அடுத்த ஆயுத பூஜைக்கும் அதற்கடுத்த ஆயுத பூஜைக்கும் அந்த டெக்குக்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை. ஒரு தடவை சுப்பராயலு கேட்டதற்கு, ரிப்பேர் சாமானுக்கு எதற்குப் பூஜை என்றான்.

அதற்குப் பிறகு அவன் தசரதனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. தொண்ணூற்று ஒன்பதில் திருமலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு டிவி சரிசெய்யப் போயிருந்தான். மலையடிவாரத்தில் ரோட்டுக்கு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். கூடையோடு நிமிர்ந்த ஓர் ஆள் இவனையே பார்த்தான். கன்னம் ஒட்டி, தலையில் சும்மாட்டோடு இருந்தவனைத் தருமனுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. பட்டு இழை சிக்காமல் இருக்க நகத்தை வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்த விரல்கள் இப்போது முனை முனையாக வெடித்திருந்தன.

"அந்த டெக்கு நல்லா ஓடுதா?" என்று கேட்டான் தசரதன்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஜல்லிக் கூடையை இறக்கிவிட்டு இரண்டு அறை அறைந்திருந்தால் தருமன் காலில்கூட விழுந்திருப்பான். ஆனால் அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன் மாதிரி கேட்டான்.

"ஓடுது," என்றான் தருமன்.

"சத்தம் வராம?"

"வராம."

தசரதன் தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றைக்குத் தருமன் சைக்கிளை மிதிக்க முடியாமல் ஆரணி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான்.

கேபிளும் சிடியும் வந்ததும் டெக்கைத் தேடுகிறவர்கள் இல்லாமல் போனார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் சுப்பராயலு கடையை மூடினார்; அடுத்த வருஷமே அவரும் போய்ச் சேர்ந்தார். கடையை ஒழித்தபோது தருமன் கேட்டு வாங்கியது துணி சுற்றிய அந்த ஒரு டெக்கைத்தான். வீட்டுப் பரணில் வைத்தான். அவன் மனைவி அபிதகுசாம்பாள், "ஓடாத டெக்கு நமக்கு இன்னாத்துக்கு?" என்றாள். "அது நம்முளுது இல்ல," என்றான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

பிறகுதான் செல்போன் கடையும் இரண்டு கட்டம் போட்ட நோட்டுகளும். இனி ஒருத்தன் பொருளை இன்னொருத்தன் பொருள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று வைராக்கியம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். செய்தது ஆரணி பூராவுக்கும். செய்ய வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆளுக்கு.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடியில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபது வயது இருக்கும். செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் வேலையாம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக வேண்டுமானால் அதன் நம்பரை வாசல் கேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"எனக்குத் தெரியும்ணா எங்க இருக்கும்னு. இந்த மூடிதான் கழட்ட வரல," என்று சிரித்தாள். "எங்க கம்பெனில எனக்கு வேலையே அதான். டிவிக்கு உள்ள போற போர்டு செய்றாங்க. ஒவ்வொண்ணுத்துக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்றது நானு. ஒரே நம்பர் ரெண்டு போர்டுல வந்துச்சுன்னு வைங்க, லைனையே நிறுத்திடுவாங்க."

தருமன் மூடியைக் கழற்றி நோட்டைப் பிரித்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"பரவால்லியே! மாடல் நம்பரு தனியா, சீரியல் நம்பரு தனியா எழுதிகினு கீறீங்க. எங்கப்பா இத்தத்தான் சொல்லிகினே இருப்பாரு, டிசைன் நம்பரு வேற, புடவை நம்பரு வேறன்னு."

"பேரு?"

"பவித்ரா."

"அப்பா பேரு?"

"தசரதன். பெரணமல்லூர்."

அவன் பேனா அப்பாவின் பெயரில் முதல் எழுத்தோடு நின்றது. நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா இன்னா பண்றாரு?" என்றான்.

"எறந்துட்டாருண்ணா. ஆறு வருஷம் ஆவுது. நெஞ்சுல சளி கட்டிகினு. இதே ஊர்ல நெய்தவருதான். இன்னாவோ டெக்கு திருடிட்டாருன்னு இந்த ஊர்ல பஞ்சாயத்து வெச்சி எழுதிட்டாங்க. சாவற வரைக்கும் அந்த டெக்கு நம்பர எழுதின சீட்ட சட்டப்பைலயே வெச்சிகினு இருந்தாரு. இப்ப எனக்கு இந்த ஊர்லேந்து ஒரு இடம் வந்துச்சு. விசாரிச்சாங்க போல. சங்க நோட்டுல அப்படி எழுதி கீதாமேன்னு கேட்டு அனுப்பிகீறாங்க. அம்மா ரெண்டு நாளா சாப்புடல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெயரை எழுதி முடித்து, போனை மூடிக் கொடுத்தான். "நல்லபடியா நடக்கும்மா," என்றான். அவள் நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். கோழைக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தாலும் அவன் முதல் வாய்ப்பில் செய்ததைத்தான் செய்வான்.

ஆனால் இந்தத் தடவை அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை கடை திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணிலிருந்து டெக்கை இறக்கி, சாக்கில் கட்டி, பெரணமல்லூர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். எந்த பெஞ்சிலும் வைக்கவில்லை.

ஓட்டு வீடு. குணசுந்தரி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சாக்கைப் பிரித்ததும் முறம் நின்றது. பவித்ரா உள்ளேயிருந்து வந்து, இவனையும் டெக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு புடவைச் சீட்டை எடுத்து வந்தாள். டெக்கைத் திருப்பி, தாளில் இருந்த நம்பரோடு சேர்த்து வைத்துப் படித்தாள். எஃப் 4027186. ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

தருமன் எல்லாவற்றையும் சொன்னான். சந்தனத்தை, டீக்கடை பெஞ்சை, மண்டபத்தில் தான் சொன்னதை, உடையாத சிவப்புச் சொட்டை. சொல்லி முடித்து, "பதினாலு வருஷமா மனசுலயே வெச்சிகினு கெடந்தேன் அக்கா. இப்பவாச்சும் உங்ககிட்ட உண்மைய சொல்லணும்னு வந்தேன்," என்றான்.

குணசுந்தரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்கு இன்னாத்துக்குயா உண்மை? அது அன்னிக்கே எங்ககிட்டதான இருந்துச்சு. இல்லாதவங்ககிட்ட போய் சொல்லு," என்றாள்.

ஆடி அமாவாசை அன்று அதே மண்டபத்தில், அதே போன்ற ஸ்டூலில் டெக்கு இருந்தது. குணசுந்தரியும் பவித்ராவும் உள்ளே வரவில்லை, வாசல் தூண் ஓரமாக நின்றார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் புதிய முகங்கள், நாற்காலிகள்தான் பழையவை. செயலாளரும் புதியவர். சம்பந்தம் முதலாளி மட்டும் முன்வரிசையில், கைத்தடியோடு, இன்னும் இருந்தார்.

தருமன் சொன்னான். ஒன்றையும் விடாமல் சொன்னான். முடித்ததும் யாரோ பின்னாலிருந்து, "செத்தவன் விஷயத்த இப்ப எதுக்குபா கிளறிகினு? ஒரே பேஜாரு," என்றார்கள்.

சம்பந்தம் முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அவன் அன்னிக்கு சொல்லும்போதே எனக்குத் தெரியும்," என்றார். "நூறு புடவைக்கு ஒரே டிசைன் நம்பர்னு எனக்குத் தெரியாதா? நான்தான சீட்டு எழுதறவன்."

தருமன் அவரைத் திரும்பிப் பார்த்தான். "அப்பறம் ஏங்க பாவ அறுத்தீங்க?"

"நீ சொல்லிட்டியேபா. நீ மெக்கானிக்கு. நாலு பேர் முன்னால திருடன்னு ஆனவனுக்கு நான் எப்படி பட்ட குடுக்கறது? நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?" பெரியவர் குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. மழை வந்தது, நனைந்தோம் என்கிற மாதிரி சொன்னார். அந்த மண்டபத்தில் அன்றைக்குத் தசரதன் சொன்னது புரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ. ஆனால் கேள்வி கேட்கப்பட்டது தருமனிடம்தான். பதில் சொன்னவனும் அவன்தான்.

"எழுதிக்கோங்க," என்றான் தருமன் செயலாளரிடம். டெக்கின் பின்பக்கம் குனிந்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தான். பழைய தீர்மானம் தப்பு, டெக்கு தசரதனுடையதே என்று செயலாளர் எழுதினார். வாசலிலிருந்து குணசுந்தரி, "எழுதினத ஒருவாட்டி படிங்க," என்றாள். படித்தார். பவித்ரா கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டு, "சரியா இருக்குதும்மா," என்றாள். குணசுந்தரி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, பதினாலு வருஷத்தையும் சேர்த்து வைத்து அழுதாள். மண்டபத்தில் யாருக்கும் அவளை நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து தருகிறேன் என்று தருமன் டெக்கைத் தூக்கக் குனிந்தான்.

"வேணாம்," என்றாள் குணசுந்தரி. "நீ தொடாத."

அவளே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தாயும் மகளும் வெயிலில் நடந்து போனார்கள். பவித்ராவுக்கு வந்த அந்த இடம் கூடி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் தேவிகாபுரத்தில் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து தருமன் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. ஆவணியில் ஒரு நாள், போன் திரும்பக் கிடைத்த அந்தச் சேவூர்க்காரர் புதுப் போன் ஒன்றைக் கொண்டு வந்தார். தருமன் மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, நம்பரை வாசித்து நோட்டில் எழுதினான். சேவூர்க்காரர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, போனை அதன் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பதினைந்து இலக்கத்தையும் தானே சரிபார்த்தார். தருமன் பேனாவை மூடாமல் அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தான்.